பாதாளியின் கோபம்

'கொதிநிலை' காமிக்ஸ் தொடரின் முதல் புத்தகத்தை வெளியீட்டுக்கு முன்பே படித்துப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் சுடரொளியும் ஒருத்தி. காமிக்ஸ் விமர்சனம் எழுதியே பெயர் வாங்கியவள். அவள் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் வாசகர்கள் யோசிக்காமல் வாங்குவார்கள். அதனாலேயே 'ஏழாம் கட்டம்' பதிப்பகத்தின் ஆசிரியர் நிரஞ்சன் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தான்.

கோடம்பாக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு டப்பிங் தியேட்டரை அன்று மதியத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு புத்தகம். அதன் மேல், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு மெல்லிய பட்டை.

நிரஞ்சன் மேடையேறினான். "இந்தத் தொடர்ல வர்ற யாரும் நல்லவங்க இல்ல. உலகத்தைக் காப்பாத்த வந்தவங்களும் இல்ல. நாலு பேர். நாலு பேருக்கும் சக்தி ஒரே இடத்துல இருந்துதான் வருது. கோபம். கோபம் அடங்கிடுச்சுன்னா அவங்களும் நம்மள மாதிரி பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுங்கதான். இதுவரைக்கும் ஹீரோ கோபப்படுறதை நீங்க பாத்திருக்கீங்க. இன்னைக்கு அந்தக் கோபம் உங்களுக்கே வரும். பட்டையை ஒட்டிக்கங்க."

கத்தினால் கண்ணாடியெல்லாம் நொறுங்கும் ஒரு வாத்தியார், தொட்டதைத் துருப்பிடிக்க வைக்கும் ஒரு பஸ் மெக்கானிக், இன்னும் முகம் காட்டாத ஒருவன். நான்காவது பெண். அவள் பெயர் பாதாளி. முதல் புத்தகம் அவளுடையது. பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் அவள் சொல்வதைக் கேட்கும்.

முதல் சில பக்கங்களில் ஒன்றும் தெரியவில்லை. படங்கள் அழகாக இருந்தன. மழைக்காலத் தெரு, கறுப்பும் ஆரஞ்சும் கலந்த வானம். ஒரு பக்கத்தைத் திருப்பினாள். பாதாளி, மூடிய சாக்கடை மூடி ஒன்றின் முன்னால் நிற்கிறாள். வசனமே இல்லை.

சுடரொளியின் விலா எலும்புகளுக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மேலேறி வந்தது.

அவளுக்குக் கோபம் தெரியும். பிரிந்துபோன கணவன் மேல், கட்டுரையை வெட்டும் ஆசிரியர்கள் மேல், குறுக்கே புகும் பைக் ஓட்டிகள் மேல் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறாள். இது அந்த வகையே இல்லை. இதற்கு வார்த்தை கிடையாது. தொண்டையில் தொடங்கி விரல் நுனிவரை ஒரே இரும்பாக இறுகியது. பாதாளி தரையைப் பிளந்தாள். கதையின் வில்லனான காண்ட்ராக்டரைக் காலைப் பிடித்து மண்ணுக்குள் இழுத்தாள். "விடாத! விடாத அவனை!" என்று பின்வரிசையில் யாரோ அலறினார்கள். ஒரு நாற்காலி பறந்து சுவரில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்காரக் கல்லூரிப் பேராசிரியர் தன் சட்டைக் கையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் பாதாளி தன் கோபத்தின் பாரம் தாங்காமல் அவளே பூமிக்குள் அமிழ்ந்துபோனாள். பட்டை குளிர்ந்தது. பிறகு ஒருவன் சிரித்தான். தொடர்ந்து கைதட்டல், விசில். "மச்சான், என் கையைப் பாரேன், இன்னும் நடுங்குது!" உடைந்த நாற்காலியோடு நின்று இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

சுடரொளிக்கு மட்டும் அடங்கவில்லை. அவள் பழக்கதோஷத்தால், எழுதுவதற்காக, முக்கியமான பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். முகம் கழுவப் போன இடத்தில், தன் இரண்டு உள்ளங்கைகளும் சுவரை ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். மூக்கில் சாம்பிராணி வாசம். காதில் எங்கோ ஒலிபெருக்கியில் ஓடும் ஒரு தாலாட்டுப் பாட்டு.

அவள் நேராக நிரஞ்சனின் அறைக்குப் போனாள்.

"இந்தக் கோபம் யாரோடது?"

"பாதாளியோடது," என்று சிரித்தான் நிரஞ்சன்.

"விளையாடாத. உன் கதையில மழை கொட்டுது. எனக்கு சாம்பிராணி மணக்குது. மைக் செட்ல யாரோ தாலாட்டு போட்டிருக்காங்க. அதெல்லாம் புத்தகத்துல எங்க இருக்கு?"

அவன் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்தான். "அதையெல்லாம் வடிகட்டிட்டோம்னுதான் நெனச்சோம். நீங்க ரொம்ப உள்ள போயிட்டீங்க போலிருக்கு."

"நிரஞ்சன்."

"முதல்ல நடிகர்களை வச்சுத்தான் கோபத்தைப் பதிவு பண்ணோம். நடிச்ச கோபம், படிக்கிறவங்களுக்கு வயித்துவலி மாதிரி இருந்துச்சு. நெஜமான ஆள் வேணும்னு ஆச்சு. 'ஊற்று'ன்னு சொல்லுவோம். பாதாளிக்குக் கெடைச்ச அம்மாவோட வீட்டுக்காரர் கழிவுநீர்த் தொட்டியில இறங்கிச் செத்துட்டாரு. நான் போய்க் கேட்டேன். காசெல்லாம் வேணாம், எம் புருஷன் எப்படிச் செத்தான்னு ஊர் பூரா தெரியணும், எனக்கு எப்படி எரியுதோ அப்படியே அவங்களுக்கும் எரியணும்னு சொன்னாங்க. ஏமாத்தி எடுக்கல, சுடர். அவங்க கேட்டதைத்தான் செஞ்சிருக்கேன். இன்னைக்கு அந்த ஹால்ல எரிஞ்சுதா இல்லையா?"

"எரிஞ்சுது. முடிஞ்சதும் செல்ஃபி எடுத்தாங்க. சரி, பதிவு பண்ண அப்புறம் அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?"

நிரஞ்சன் மேசை மேலிருந்த ஒரு பட்டையை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினான். "ஒரு நினைவை எடுத்துப் பாத்துட்டு திரும்ப உள்ள வைக்கிறப்போ, மூளை அதைப் புதுசா எழுதி வைக்குது. எல்லாருக்கும் அப்படித்தான். நம்ம கருவி அந்த இடைவெளியில நுழைஞ்சு சூட்டை மட்டும் வாங்கிக்குது. மூளை திரும்ப எழுதுறப்போ சூடு இல்லாம எழுதிடுது. நினைவு போகாது. என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி விடாம சொல்லுவாங்க. ஆனா..."

"கோபம் வராது."

"தூங்குறாங்க, சுடர். வருஷக்கணக்கா தூக்கம் இல்லாம இருந்தவங்க. நல்லா சாப்பிடுறாங்க. எங்கம்மாவுக்கு இப்படி ஒண்ணு கெடைச்சிருந்தா நான் சந்தோஷமாத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"இன்னும் மிச்சம் ஏதாவது இருக்கா அவங்ககிட்ட?"

"கடைசிப் பதிவுகள்ல ஒண்ணுமே வரல. அதனாலதான் பாதாளியை முதல் புத்தகத்துலயே சாகடிச்சிட்டோம்."

சாம்பிராணியும் தாலாட்டும் அவளை விடவில்லை. ஒரு செய்தியை எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழா நடந்த அன்று, தொட்டியில் இறங்கிய இருவர் மூச்சடைத்து இறந்தார்கள். நாளிதழில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி மூலமாக முகவரி கிடைத்தது. புளியந்தோப்பில் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பு. மறுநாளே போனாள்.

கதவைத் திறந்தவள் வெண்ணிலா, இறந்த இருவரில் ஒருவரின் மகள். ஸ்கேன் சென்டர் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். காமிக்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் கதவைச் சாத்தப் போனாள். உள்ளேயிருந்து ஒரு குரல் தடுத்தது.

"யாருடி அது? வாசல்லயே நிக்க வச்சுப் பேசிக்கினு கீற. உள்ள வாம்மா, குந்து."

வெண்ணிலாவின் அம்மா அஞ்சுகம் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தெளிந்த முகம். கோபத்தின் சுவடே அதில் இல்லை. இந்தப் பெண்ணின் நெருப்பு இப்போது தன் தொண்டையில் இருக்கிறது. இவள் முகத்தில் அது இல்லை.

டீ குடித்து முடித்ததும் வெண்ணிலா அவளை வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

"எங்கம்மா எப்படி இருந்துச்சுன்னு உனுக்குத் தெரியாதுக்கா. எங்க நைனா தொட்டிக்குள்ள கத்தினு இருக்கறப்போ, மேல விருந்து நடக்குது. நாத்தம் பந்திக்கு வருதுன்னு அந்த அபார்ட்மெண்ட் செகரட்டரி ஆள வுட்டு மூடியைப் பாதி இழுத்து மூடிட்டான். எங்கம்மா அங்கதான் கூட்டற வேலை. ஓடியாந்து மூடிய அடி அடின்னு அடிச்சிருக்குது. ரெண்டு ஆம்பளைங்க எங்கம்மாவப் புடிச்சு நிறுத்திட்டானுங்க. உள்ள சத்தம் நிக்கிற வரைக்கும் புடிச்சே இருந்தானுங்க."

சுடரொளி தன் உள்ளங்கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் எங்கம்மா வுட்டுதா? ஸ்டேஷன்ல எழுத மாட்டேன்னான். வாசல்லயே குந்திக்கிச்சு. சங்கத்தைக் கூட்டியாந்துச்சு. வக்கீலப் புடிச்சுது. செகரட்டரி வீட்டு வாசல்ல நின்னு, அவன் வெளிய வர்ற வரைக்கும் எங்க நைனா பேரைச் சொல்லிக் கூவும். தேசிங்கு, தேசிங்குன்னு. கேஸு கோர்ட்டு வரைக்கும் வந்ததே அந்தக் கோவத்தாலதான். அடுத்த வாரம் சாட்சி. பாத்த சாட்சி அது ஒண்ணுதான் நிக்குது. மத்தவனுங்க எல்லாம் பல்டி அடிச்சிட்டானுங்க."

"அம்மா வருவாங்கல்ல?"

"வரும். கூப்ட்டா வரும். பீச்சுக்குக் கூப்ட்டாலும் வரும், கோர்ட்டுக்குக் கூப்ட்டாலும் வரும்." வெண்ணிலாவின் கண்கள் நிறைந்தன. "படுத்தா தூங்குதுக்கா. அதப் பாத்து நான் சந்தோசப்படணுமா, அழணுமான்னே தெரியல."

சுடரொளியின் பையில் புத்தகம் இருந்தது. பட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்திருந்தாள். அவளுக்கு ஒரு யோசனை. எடுத்ததை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க முடியாதா? வெண்ணிலாவிடம் சொன்னாள். அவள் தலையசைத்தாள்.

பட்டையை ஒட்டிக்கொள்ள அஞ்சுகம் மறுப்பேதும் சொல்லவில்லை. புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூடியின் முன்னால் பாதாளி நிற்கும் பக்கம் வந்தது. அவள் கழுத்து நரம்புகள் புடைத்தன. கை தரையை அறைந்தது. கீரைத்தட்டு கவிழ்ந்தது. "டேய்!" என்று ஒரு சத்தம் அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அம்மா," என்றாள் வெண்ணிலா. அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்கச் சகிக்கவில்லை.

அஞ்சுகம் கடைசிப் பக்கம் வரை போனாள். பட்டை குளிர்ந்தது. நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, மூச்சு சீராகும் வரை உட்கார்ந்திருந்தாள்.

"யப்பா, இன்னா கோவம்! பாவம் இந்தப் பொண்ணு. யாரு வூட்டுப் பொண்ணோ, இன்னா பட்டுச்சோ." புத்தகத்தைப் பத்திரமாக மூடிச் சுடரொளியிடம் நீட்டினாள். "நல்லாருக்குதும்மா. அடுத்தது எப்ப வரும்?"

அடுத்த வாரம் கோர்ட்டில் அஞ்சுகம் சாட்சி சொன்னாள். சுடரொளி பின்வரிசையில் வெண்ணிலாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள் அஞ்சுகம். யார் மூடியை இழுத்தது, யார் தன்னைப் பிடித்தது, உள்ளே எப்போது சத்தம் நின்றது. ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வதுபோல இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"என் கட்சிக்காரர் மேல உங்களுக்கு ஏதாவது வருத்தம் இருக்காம்மா?"

"இல்லீங்க."

"கோபம்?"

அஞ்சுகம் கூண்டிலிருந்து செகரட்டரியைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட வயதான மனிதர். "இல்லீங்க ஐயா. அவருக்கும் வயசாயிடுச்சு."

வக்கீல் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "கண் முன்னால புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், கனம் கோர்ட்டார் அவர்களே, இப்படியா பேசுவார்? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. குரல்கூட மாறவில்லை. இது பார்த்த சாட்சி இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற சாட்சி."

"பொய்!" என்று வெண்ணிலா எழுந்து கத்தினாள். "வித்துட்டாங்கய்யா, எங்கம்மாவோட கோவத்தை எடுத்துப் புக்குல போட்டுட்டாங்கய்யா!" நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். காவலர் அவளை வெளியே அழைத்துப் போனார்.

சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று தீர்ப்பு வந்தது. செகரட்டரியும், தேசிங்கைத் தொட்டியில் இறக்கிய காண்ட்ராக்டரும் விடுதலை ஆனார்கள். வராந்தாவில் செகரட்டரி அஞ்சுகத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அவளும் பதிலுக்குக் கைகூப்பினாள்.

அப்போது சுடரொளி தனக்குள் அந்த நெருப்பைத் தேடிப் பார்த்தாள். கடைசியாக ஒருமுறை அது வேண்டியிருந்தது. இல்லை. தீர்ப்பு வருவதற்குள் அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது. இருந்ததெல்லாம் அவளுடைய சொந்த வருத்தம் மட்டும்தான். நாகரிகமானது, அளவானது, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடக்கூடியது.

வீட்டுக்குப் போய் எழுதினாள். வெளியீட்டுக்கு முன் எதுவும் எழுதக்கூடாது என்று பதிப்பகம் கையெழுத்து வாங்கியிருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. 'கொதிநிலை' முன்னோட்டம் என்று தலைப்பிட்டு, கதையைப் பற்றி ஒரு பத்தி, அஞ்சுகத்தைப் பற்றி மீதி எல்லாம். கூண்டில் நின்ற அந்தக் குரலைப் பற்றியும் எழுதினாள். 'இந்தப் புத்தகத்தில் நீங்கள் உணரப்போகும் கோபம் கற்பனை அல்ல. ஒரு பெண்ணிடமிருந்து கடைசிச் சொட்டு வரை எடுக்கப்பட்டது. தயவுசெய்து வாங்காதீர்கள்' என்று முடித்தாள்.

முன்பதிவு குவிந்தது. அச்சகத்தில் இரண்டாம் பதிப்பு ஓடத் தொடங்கியது. அண்ணா சாலையில் ஆளுயர விளம்பரப் பலகை வைத்தார்கள். கறுப்புப் பின்னணியில் பாதாளியின் முகம். அதற்குக் கீழே சுடரொளியின் வரி, அவள் பெயருடன்: 'இந்தக் கோபம் கற்பனை அல்ல.'

நிரஞ்சன் போன் செய்தான். "உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, சுடர். நன்றிதான் சொல்லணும்," என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புளியந்தோப்புக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க. வெண்ணிலா கேட்கும் மனநிலையில் இல்லை. செல்போனை நீட்டினாள். நிரஞ்சனின் அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. இரண்டாம் புத்தகத்தில் பாதாளிக்கு ஒரு மகள் வருகிறாள். அம்மாவுக்கு நேர்ந்ததைப் பார்த்துக் கொதிக்கும் மகள். நீங்கள் வந்தால் கதை நேர்மையாக இருக்கும்.

"கோர்ட்டுல நான் கத்துனதை யாரோ வெளிய சொல்லிக்கீறாங்க," என்றாள் வெண்ணிலா. "அதக் கேட்டுட்டு அனுப்பிக்கீறான்."

"போகாத," என்றாள் சுடரொளி.

அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த அஞ்சுகம் எட்டிப் பார்த்தாள். "ஏன் போவக்கூடாது? போய்ட்டு வாயேன் வெண்ணிலா. ஒண்ணும் வலிக்காது. சும்மா படுத்துக்கினு நெனச்சா போதும். நீ படற பாட்டைப் பாக்க முடியல கண்ணு. ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்குற. போய்ட்டு வந்தின்னா நல்லாத் தூக்கம் வரும்."

அவள் குரலில் பெற்றவளின் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வெண்ணிலா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகத்தில் ஆசை வந்து போனதைச் சுடரொளி பார்த்தாள். அந்தத் தூக்கத்தின் மேல் வந்த ஆசை.

வெண்ணிலா செய்தியை அழித்தாள். தங்கள் வக்கீல் மேல்முறையீட்டுக்குக் கேட்டிருந்த தேதியைச் சுடரொளியிடம் சொல்லி, "நீ வருவியாக்கா?" என்று கேட்டாள். வருவேன் என்றாள் அவள். பிறகு வெண்ணிலா அடுப்படிக்குப் போய், அம்மாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நைனா செத்த அன்னிக்கு இன்னா நடந்துச்சு, சொல்லு."

"உனுக்குத் தெரியாததா?"

"தெரியும். சொல்லு."

அஞ்சுகம் வடிதட்டை நேராக்கி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். "காலைல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். பஸ்ல சீட்டு கெடச்சுது. அவரு என்ன குந்தச் சொல்லிட்டு நின்னுக்கினே வந்தாரு. எறங்கசொல்ல ஒரு வாழப்பழம் வாங்கித் தந்தாரு. கேட்டாண்ட வாழமரம் கட்டியிருந்தாங்க. யாரு வூட்டு விசேசமோ, நமக்கும் பாயசம் குடுப்பாங்கன்னு சிரிச்சாரு..."

நடுக்கமில்லாத அந்தக் குரல் மூடி வரைக்கும் போனது. மூடியைத் தாண்டி, உள்ளே சத்தம் நின்ற இடத்துக்குப் போய் முடிந்தது. சோற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வெண்ணிலாவின் முகம் சிவந்து, தாடை இறுகியிருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றாள். "பஸ்ல இருந்து சொல்லு."